அண்டா மடுவில் தண்ணீர் இறங்கிய நாள்

ஹார்லன் ஆற்றங்கரையில் யாரிடம் போய் "எங்க கடிக்குது?" என்று கேட்டாலும் பதில் கிடைத்துவிடும். அது உண்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. அக்டோபரில் மழை இறங்கி, கோஹோ சால்மன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறத் தொடங்கியதும், காட்டுச் சாலை முடிகிற திடலில் டிரக்குகள் வந்து சேர்ந்துவிடும். காபிக் குவளையும் கையுமாக நின்று ஆளாளுக்கு யோசனை வாரி வழங்குவார்கள். இந்த வருஷம் கொக்கியில் கட்ட இளஞ்சிவப்பு இறகுதான் எடுபடுகிறது, பச்சையைத் தொடாதே. பாலத்துக்குக் கீழே போ, மேலே ஒன்றுமில்லை. சொன்னவர், நீங்கள் கண் மறைந்ததும் பச்சை இறகைக் கட்டிக்கொண்டு மேலே போவார்.

இந்தக் கலையில் தோரா ஹாகனை மிஞ்ச ஆளில்லை. ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுகிறவள். நாற்பத்தெட்டு வயது, ஒண்டிக்கட்டை. பேருந்தில் இருக்கும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சின்னப் பொய் வராது. தூண்டிலைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு சின்ன உண்மை வராது. ஒரு தடவை நகரத்துக்காரர்கள் இரண்டு பேரை, "அங்க மீனுக்கு மீன் இடிச்சுக்கிட்டு நிக்குது" என்று சொல்லி ஒரு சதுப்பு நிலத்துக்கு அனுப்பிவைத்தாள். இடுப்பு வரை சேறோடு மாலையில் திரும்பி வந்தவர்கள், "நிறையக் கடிச்சுது, ரொம்ப நன்றி" என்று அவளுக்கே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் தூண்டில்காரர்கள்தானே.

இந்தக் கூட்டத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் எமில் கோஸ்டிக். மர ஆலையில் ரம்பத்துக்குக் கூர் போட்டே ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இடம் கேட்டால் வாயால் சொல்ல மாட்டார். கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லின் மேலேயே நிறுத்துவார். தன் பெட்டியைத் திறந்து, காலையில் மீன் எடுத்த அதே இறகை எடுத்துக் கையில் வைப்பார். "மீன் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார். ஆற்றைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அது அப்படியே நடக்கும். நாளைக்குக் கலங்கும் என்றால் கலங்கும், மத்தியானம் மீன் ஏறும் என்றால் ஏறும். தோராகூட அவரிடம் மட்டும் பொய் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வியாழன் இரவு பிடித்த மழை. இந்த மழையில் ஆறு காபி நிறத்தில் பொங்கிக்கொண்டு போகும், தூண்டில் போட முடியாது என்றுதான் தோரா நினைத்தாள். வீட்டில் உட்கார மனமில்லாமல், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தாள். திடலில் மூன்று டிரக்குகள் நின்றன. ஒன்று எமிலுடையது. இன்னொன்று தங்கை புருஷன் டுவெயினுடையது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுண்டியது. போன வருஷம் டுவெயின் அவளைக் கெஞ்சிக் கேட்டு ஒரு நல்ல இடத்தைத் தெரிந்துகொண்டு, அடுத்த நாளே தன் மர ஆலை ஆட்களில் பாதிப் பேரை அங்கே கூட்டி வந்துவிட்டான். அன்றிலிருந்து குடும்ப விருந்தில் உப்பைக் கேட்கக்கூட இருவரும் மூன்றாவது ஆளைத்தான் தேடுவார்கள். மூன்றாவது டிரக்கை யாருடையது என்று தெரியவில்லை. வெளியூர் வண்டி.

தடம் வழியாகக் கரைக்கு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு பொங்கவில்லை. இறங்கியிருந்தது.

அந்த இடத்தில் ஆற்றுக்கு நடுவில் ஒரு நீளமான கூழாங்கல் திட்டு உண்டு. திட்டுக்கு அந்தப் பக்கம், செங்குத்துப் பாறையின் காலடியில், ஆழமாக ஒரு மடு. அண்டா என்று பேர். கோஹோக்கள் மேலே ஏறுமுன் அதில்தான் கூடி இளைப்பாறும். கரையிலிருந்து எறிந்தால் தூண்டில் அவ்வளவு தூரம் போகாது. திட்டுக்கு நடந்து போகவும் முடியாது, நடுவில் ஓடுகிற தண்ணீர் ஆளை அடித்துவிடும். அண்டாவைப் பார்த்துப் பார்த்து ஏங்குவதோடு சரி. இன்றைக்கு அந்த நடு ஓட்டத்தில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. ஐந்து பேர் திட்டின் மேல் நின்று அண்டாவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுடைய தூண்டில் கோல் மீன் மாட்டி வளைந்திருந்தது. சிரிப்புச் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

"வாம்மா தாயே! பொய்க்குப் பொறந்தவளே!" என்று கையை ஆட்டினான் லைல். டுவெயினின் கூட்டாளி. வாய் மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோல் பேசுகிறவன். "இன்னைக்கு உன்கிட்ட வழி கேக்க யாருக்கும் அவசியமில்ல. மீன் வரிசையில நிக்குது!"

கரைக்கு வந்ததும் நீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவைப்பது தோராவின் வழக்கம். எல்லோருடைய வழக்கமும்தான். தண்ணீர் குச்சியைத் தொட்டுத் தாண்டினால் சுருட்டிக்கொண்டு ஓடு என்பது இந்த ஆற்றில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குத்திவிட்டு, ரப்பர் கால்சட்டையின் வார்களை இறுக்கி, கோலைப் பொருத்தினாள். திரும்பிப் பார்த்தபோது குச்சி ஈரக் கல்லில் தனியாக நின்றது. தண்ணீர் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.

தலைமேல் மழை. காலடியில் இறங்குகிற ஆறு.

ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்லித் தந்திருந்தார்கள். மழையில் இறங்கினால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அவள் நடு ஓட்டத்தில் இறங்கித் திட்டுக்குக் கடந்தாள். தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. செத்த பாம்புபோல் காலைச் சுற்றிக் கிடந்தது. திட்டின் ஓரத்தில் சின்னக் குட்டைகளில் விரல் நீளக் குஞ்சுகள் மாட்டிக்கொண்டு துள்ளின. வழக்கமாக அவற்றைத் தின்ன அண்டங்காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஒன்றையும் காணோம். எதிர்ப் பாறையின் உச்சியில் ஒரு வெண்தலைக் கழுகு மட்டும் நனைந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பிக் கீழ்த்திசையில் போய்விட்டது.

"எமில்," என்றாள், அவர் பக்கத்தில் போய். "தண்ணி இறங்குது, பாத்தீங்களா?"

"பாத்தேனே. நல்லதாப் போச்சு." எமில் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "நீ அந்தப் பாறை நிழலுக்கு நேரா போடு. மிதவையை ஒரு சாண் ஏத்திக் கட்டு, அடியிலதான் நிக்குது. இரைக்கு மீன் முட்டை வெச்சிருக்கியா? இல்லாட்டி என் டப்பாவுல எடுத்துக்கோ."

"மழை பெய்யறப்ப எப்படி எமில் இறங்கும்?"

"மேல குளுந்துடுச்சு. ராத்திரி என் வீட்டு முற்றத்துலயே மழையோட பனி கலந்து விழுந்துது. மலை உச்சியில மழை இல்ல, பனி விழுது. பனியா விழுந்தா அங்கேயே உக்காந்துக்கும், ஆத்துக்கு வராது. அதான் இறங்குது. முன்னாடியும் இப்படி ஆகியிருக்கு."

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எமில் சொல்லி எது பிசகியது? பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் தலையை ஆட்டினார்கள். காலையிலிருந்து அவர்களுக்கு முடிச்சுப் போடுவதிலிருந்து மீனைப் பிடித்துத் தூக்குவதுவரை எமில்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்தது.

ஆனாலும் தோராவுக்கு மனம் ஒப்பவில்லை. "எனக்கு என்னமோ சரியாப் படல. மேல எங்கயோ அடைச்சிருக்கு. மண்ணு சரிஞ்சு விழுந்திருந்தா? பின்னாடி தண்ணி தேங்கி நிக்கும் இல்ல? எல்லாரும் கரைக்குப் போயிடலாம்."

லைல் வெடித்துச் சிரித்தான்.

"கேட்டியா டுவெயின்? நாம கரைக்குப் போகணுமாம்! அம்மா தனியா நின்னு அண்டாவைக் காலி பண்ணணுமாம்!"

டுவெயின் அவளைப் பார்க்காமல் லைலிடமே பேசினான். "போன மாசம் கரடி நிக்குதுன்னு சொல்லி அந்த வளைவுலேருந்து நாலு பேரைத் துரத்தினவதானே. இப்ப மலையே விழுதாம். அடுத்த வருஷம் வானம் விழும்."

"டுவெயின், நான் விளையாடல."

"நீ எப்பதான் விளையாடியிருக்க?" என்றான். இந்தத் தடவை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். ஒரு வருஷத்தில் அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எமிலுக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது. "உனக்குப் பயமா இருந்தா ஒரு நடை மேல போய்ப் பாத்துட்டு வாயேன். மலையிடுக்கு வாய் வரைக்கும். மனசு ஆறும்," என்றார் தணிந்த குரலில். "நான் உன் இடத்தைப் பிடிச்சு வெக்கறேன்."

தோரா கரைக்குத் திரும்பி, கோலை அங்கே சாய்த்துவிட்டு, ஆற்றோரத் தடத்தில் மேலே நடந்தாள். முதலில் நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள். திட்டுக்குச் சற்று மேலே வலப்பக்கத்திலிருந்து ஒரு சிற்றோடை ஆற்றில் வந்து சேரும். அது மழையில் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. அண்டாவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரில் முக்கால்வாசி இந்த ஓடையின் தண்ணீர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடையைத் தாண்டியதும் ஆற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

மலையிடுக்கின் வாய்க்கு வந்தாள். அங்கே பேசினால் காது கேட்காது, அப்படி இரைகிற இடம். இன்றைக்கு இலைகளின் மேல் மழை விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. எந்த வேனிலிலும் வெளியே தெரியாத அடிப்பாறைகள், கறுத்து வழவழவென்று, யாரோ போர்வையை உருவிவிட்டதுபோல் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய ஆண் சால்மன் சிவந்த விலாவைக் கல்லில் அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்தது. இடுக்கின் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. உழுத மண்ணின் வாடை. பிய்ந்த வேரின், புதிதாகப் பிளந்த சிடார் மரத்தின் வாடை. மேலே, மரம் வெட்டி மொட்டையடித்த சரிவுகளெல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தன.

அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அங்கே என்றைக்கும் சிக்னல் இருந்ததில்லை. திரும்பி ஓடத் தொடங்கினாள்.

ஓடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஆறு வத்திப்போச்சு. மண்ணு வாடை வருது. நானே கண்ணால பாத்தேன். ரப்பர் கால்சட்டையில் ஓடுவது கனவில் ஓடுவதுபோல் இருந்தது. இரண்டு தடவை விழுந்தாள். திட்டுக்கு நேரே கரையில் வந்து நின்று மூச்சு வாங்கியபோது, அவள் வாயைத் திறக்குமுன்பே லைல் பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டான்.

"என்ன தாயே, மலை விழுந்துடுச்சா?"

டுவெயின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் காலடியில் ஒரு சாக்கு புடைத்துக் கிடந்தது. ஆளுக்கு எடுக்கலாம் என்று விதித்த அளவை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். லைல் வைத்திருந்தது மீனை வாயில் பிடிக்கிற கொக்கி அல்ல. விலாவில் மாட்டி இழுக்கிற முக்கொக்கி. பிஷரீஸ், அதாவது மீன்வளத் துறை ஆட்கள் கண்ணில் பட்டால் கோலும் போகும், டிரக்கும் போகும்.

உண்மையைச் சொன்னால் இவர்கள் அசைய மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய் தானாகவே வாயில் வந்து நின்றது.

"பிஷரீஸ்காரங்க!" என்று கத்தினாள். "பாலத்துல வண்டியை நிறுத்திட்டாங்க! ரெண்டு பேரு, தடத்துல இறங்கி வந்துக்கிட்டிருக்காங்க!"

லைலின் பல் மறைந்தது. "நிஜமாவா?"

"ஏய், உன்கிட்ட நின்னு சத்தியம் பண்ண நேரமில்ல. சாக்கைத் தூக்கு. மேல் தடத்துல ஏறிப் போங்க, சிடார் தோப்பு வழியா. கீழ் தடத்துல போனா நேரா மாட்டுவீங்க."

மேல் தடம் ஆற்றைவிட்டு விலகி மேட்டில் ஏறுகிற தடம். அதை யோசித்துத்தான் சொன்னாளா என்று பிற்பாடு அவளுக்கே நிச்சயமில்லை. டுவெயின் சாக்கைத் தோளில் போட்டான். லைல் முக்கொக்கியை அறுத்து அண்டாவில் வீசினான். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு லைசென்ஸ் இல்லையோ என்னவோ, அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். நாலு பேரும் நடு ஓட்டத்தைக் கலக்கிக்கொண்டு கடந்து, அவளை இடித்துக்கொண்டு, மேட்டில் ஏறி மரங்களுக்குள் மறைந்தார்கள்.

எமில் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எமில்! வாங்க!"

"எனக்கென்ன? வரட்டும்." அவர் கோல் வளைந்திருந்தது. நல்ல கனமான மீன். பாறையடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மறுத்தது. "லைசென்ஸ் சட்டைப் பையிலயே இருக்கு. ஒரே ஒரு மீன்தான் எடுத்திருக்கேன். அவங்க வந்தா ஒரு காபி கொடுக்கலாம், பாவம், இந்த மழையில."

குற்றமுள்ளவர்களை ஓட்டத் தெரிந்தவளுக்கு இவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எமில், அது பொய்! யாரும் வரல! மலையிடுக்குல தண்ணியே இல்ல, எமில். வத்திக் கெடக்கு. மண்ணு வாடை வருது. மேல அடைச்சிருக்கு, எந்த நேரமும் ஒடையும். தயவுசெஞ்சு வந்துடுங்க!"

அவர் அப்போதுதான் திரும்பி அவளைச் சரியாகப் பார்த்தார். மழை அவர் தொப்பியின் விளிம்பிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கோபமில்லை அந்த முகத்தில். உண்மையிலேயே குழம்பிப்போன முகம்.

"இதுல எது நெஜம், தோரா?"

"இதுதான்! இதுதான் எமில்!"

அவர் யோசித்தார். அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். முற்றத்துப் பனியை, மலை உச்சிப் பனியை, தான் சொன்னதையெல்லாம் மறுபடி ஒரு தடவை மனசில் எடை போடுகிறார். பிறகு தலையை ஆட்டினார். "சரி. வரேன். இதைக் கரையேத்திட்டு வந்துடறேன். வாயில கொக்கியோட விட்டுட்டு வந்தா செத்துப்போகும்."

"அறுத்து விடுங்க!"

"ஒரு நிமிஷம்மா. களைச்சுட்டுது."

முதலில் வந்தது காற்றுதான். மழை நேராக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வளைவைச் சுற்றி வந்து, கரையில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் இலைகளையெல்லாம் ஒரே மூச்சில் எழுப்பியது. அந்தப் பிய்ந்த மரத்தின் வாடை இப்போது மூக்கில் அடித்தது. பின்னால் சத்தம். கட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக மலையிறக்கத்தில் பிரேக் பிடித்து வருவதுபோல், தரையிலிருந்து காலுக்குள் ஏறுகிற சத்தம்.

எமில் கோலைக் கீழே போட்டார். திரும்பி நடு ஓட்டத்தில் இறங்கினார். அவர் நல்ல நடைக்காரர், ஆற்றில் கால் வைக்கத் தெரிந்தவர். அடி எடுத்து அடி வைத்து, பக்கவாட்டில், பதறாமல் வந்தார். பாதி தூரம் வந்தபோது முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அது தண்ணீர் நிறத்தில் இல்லை. தோரா, கரையில் சரிந்து நின்ற ஆல்டர் மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு தன் கோலின் அடிப்பக்கத்தை நீட்டினாள். அவர் கை நீட்டினார். இடையில் இன்னும் இரண்டு ஆள் நீளம் இருந்தது.

வளைவில் தண்ணீர் தெரியவில்லை. மரங்கள்தான் தெரிந்தன. வேரும் கிளையுமாக, முழு மரங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டு, ஒரு காடே எழுந்து நடந்து வருவதுபோல் வந்தன. எமில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடி தோராவைப் பார்த்தார். கத்தவில்லை. நீட்டிய கையை மடக்கி, வேண்டாம், போ என்பதுபோல் மேட்டைக் காட்டி அசைத்தார்.

அவள் போகவில்லை. வேரை விட்டுவிட்டு ஓர் அடி உள்ளே வைத்தாள். அதே நேரம் பின்னாலிருந்து ஒரு கை அவள் கால்சட்டை வாரைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளியது. டுவெயின். மேட்டிலிருந்து பாலத்தைப் பார்த்தால் வண்டி எதுவும் இல்லை. மறுபடி ஏமாந்துவிட்டோமே என்று அவளைத் திட்டுவதற்காகத் திரும்பி வந்தவன். அவளைக் கொத்தாகத் தூக்கி இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினான். அவள் அவன் முகத்தில் அறைந்தாள். அவன் விடவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் ஆல்டர் மரம் இல்லை. கரையே இல்லை. திட்டு இருந்த இடத்தில் மரங்களின் முதுகு ஓடிக்கொண்டிருந்தது.

எமிலை ஆறு அடங்கிய பிறகு, கீழே கடல் முகத்துச் சேற்றில் கண்டெடுத்தார்கள்.

அந்த நாலு பேரும் பிழைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் போலீஸிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்கள், அப்புறம் வரவில்லை. லைல் ஒரு வாரம் கழித்து ஊர் மன்றத்தில், "அவ மட்டும் பொய் சொல்லலேன்னா..." என்று வழக்கம்போல் வேடிக்கையாக ஆரம்பித்தான். முடிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். டுவெயின் தோராவின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டு, கூரையில் இலை அடைத்த தகரக் குழாயைச் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்டான். செய்து தந்தான்.

மலையைப் பார்க்க வந்த நிபுணர்கள், சரிவில் பாதிதான் விழுந்திருக்கிறது என்றார்கள். மீதிப் பாதி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திடலில் ஒரு தடுப்பும் பலகையும் வைத்தார்கள். நவம்பர் பிறந்ததும் யாரோ தடுப்பை நகர்த்திவிட்டு வண்டியை உள்ளே விட்டிருந்தார்கள். கோஹோ இன்னும் ஏறிக்கொண்டிருந்ததே.

எமிலின் மனைவி வெரா ஒரு நாள் தோராவைக் கூப்பிட்டனுப்பினார். சமையலறை மேஜையில் உட்காரவைத்து, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டித் தட்டில் வைத்தார். தோரா ஒன்றைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார் வெரா.

நல்லதாக ஏதாவது சொல்லலாம். உங்கள் பெயரைச் சொன்னார் என்று சொல்லலாம். தோராவுக்கு அது எத்தனை சுலபம். அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பிஷரீஸ்காரர்கள் வருவதாகச் சொன்னதை. எது நெஜம் என்று அவர் கேட்டதை. மீன் வாயில் கொக்கியோடு செத்துப்போகும் என்றதை. கையை மடக்கிப் போ என்றதை.

வெரா துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் உன்னைப் பத்தி வந்து சொல்லிச் சிரிப்பாரு. இன்னைக்கு தோரா யாரை எங்க அனுப்பினா தெரியுமான்னு. உன் பொய்ன்னா அவருக்கு அவ்வளவு இஷ்டம்." துடைத்துக்கொண்டே சொன்னார். "அவருக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாமே, தோரா. 'ஐயோ எமில், கால் ஒடைஞ்சுபோச்சு'ன்னு அங்கயே விழுந்து கத்தியிருந்தா போதும். மீனாவது கொக்கியாவது. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பாரு."

அது குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. புருஷனை நன்றாகத் தெரிந்த ஒருத்தி, அவரைப் பற்றி ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்கிற குரல். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று வெராவுக்கே புரிந்தது. துணி கையில் நின்றது. "நான் அப்படி..." என்று தொடங்கி, முடிக்காமல், தோராவின் தோளில் கையை வைத்தார். தோரா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனை வருஷமாக அத்தனை பேருக்கு அத்தனை பொய். அந்த ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு முன்னால் தோரா பேருந்தை நிறுத்தினாள். விளக்கை மினுக்கவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவர் வரை போய், இந்த மழையிலும் தண்ணீர் இறங்குகிறதா என்று கீழே எட்டிப் பார்த்தாள். பேருந்துக்குள் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அவள் நனைந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும், முன் இருக்கையில் இருந்த சின்னப் பெண் மெல்லக் கேட்டாள்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"ஏறுது," என்றாள் தோரா. கதவைச் சாத்தினாள். "ஏறிக்கிட்டுதான் இருக்கு." பிள்ளைகளோடு பாலத்தை வேகமாகக் கடந்து போனாள்.